இரும்புக்குச் சுருக்கம்

பிப்ரவரி 7

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று சாயங்காலம் அவிநாசியிலிருந்து திரும்பி வரும்போது ஒரு சக்கரம் எங்கள் காரை முந்திக்கொண்டு போனது. சக்கரம் மட்டும். அதற்கு மேலே வண்டி எதுவும் இல்லை.

அதற்கு ஒரு நொடி முன்னால் கார் பின்பக்கமாகத் தொம்மென்று இறங்கியது உண்மைதான். நம்ம ஊர் ரோடு, பள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். "பாரு சாரதா, எவனோ ஒரு கேனயன் சக்கரத்தைக் கழட்டி விட்டுட்டு வாரான்" என்று சொல்லிச் சிரிக்க வேறு சிரித்தேன். கேனயன் யார் என்பது அடுத்து வந்த சத்தத்தில் தெரிந்தது. தார் ரோட்டில் இரும்பு தேய்கிற சத்தம். எழுதும்போதே பல் கூசுகிறது. சக்கரம் சோளக்காட்டுக்குள் இறங்கி, தனக்கு வேண்டிய இடம் வந்த மாதிரி நிதானமாகப் படுத்துக்கொண்டது.

இதற்கு மேல் ஒரு கொடுமை. பின்னாலேயே சகலை தரணீதரன் வந்துகொண்டிருந்தார். சாரதாவின் அக்கா ஞானாம்பாளின் வீட்டுக்காரர். போன மாதம் வாங்கிய பெரிய வண்டி. கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க சகலை, மூணு சக்கரத்துல ஓட்டிப் பழகறீங்களா?" என்றார். வெகு மரியாதையாக. எங்கள் பக்கம் கேலி பேசுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம்.

சாரதா இறங்கினாள். இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். சேலையை உதறிவிட்டுக்கொண்டு, "இனி என்னால இந்த வண்டியில உக்கார முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு சகலை வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் மடித்துப் போட்டு வைத்திருந்த ரோஸ் கலர் சாம்பிள் துணி மட்டும் கசங்கிக் கிடந்தது.

பிப்ரவரி 8

வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் ஆரோக்கியராஜ் ஷெட்டில் விட்டாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் வாயில் இன்னும் கடல் உப்பு போகவில்லை. ஒடிந்த ஆக்சில் தண்டை வெளியே உருவி, கரும்பு மாதிரி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அண்ணாச்சி, இது நேத்து ஒடிஞ்சதில்ல. ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே கீறிக்கிட்டு இருந்திருக்கு. நேத்துதான் வெளிய சொல்லுச்சு."

அம்பாசடரின் மேல் தப்பில்லை. எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி. வீட்டுக்காகச் செய்ததை நான் என் பனியன் கம்பெனிக்கு ஓட்டினேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் துணி ரோல்களை அடைத்து எத்தனை வருடம் அடித்திருப்பேன்! போதாததற்குப் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு வலுவான எஞ்சினாகப் போட்டேன். "நெஞ்சு இருவது வயசு, காலு எழுவது வயசு. ஓடச் சொன்னா எப்பிடி ஓடும்?" என்றார் ஆரோக்கியராஜ். வண்டியைத்தான் சொன்னார். மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்ததும் என் முழங்கால் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

பிப்ரவரி 14

வெள்ளிக்கிழமை. வெள்ளி தவறாமல் சாரதாவை அவிநாசிக்குக் கூட்டிப் போவேன். அவளுக்குக் கோயில், பிறகு அக்கா வீடு. எனக்கு அக்கா வீட்டுக் காப்பி. போக வர நான் பேசுவேன், அவள் கேட்பாள். இருபத்தெட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. இன்றைக்கு அவள் பஸ்ஸில் போனாள். வேறு வண்டி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

சாயங்காலம் சகலை வண்டியில் வந்து இறங்கினாள். "சீட்டு எப்படி மெத்து மெத்துன்னு இருக்குதுங்க தெரியுமா" என்றாள். குத்திக் காட்டுகிறாள். இருக்கட்டும்.

பெண் கிருத்திகா பெங்களூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒருத்தர் பஸ்ஸில் போனால் மீதி ஒருத்தன். இன்று மத்தியானம் ஜோக்கு சொல்ல ஆள் இல்லாமல் தண்ணீர் கேன் போடுகிறவனிடம் சொன்னேன். அவன் ஒடிசாக்காரன். மரியாதைக்குச் சிரித்தான்.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். சித்திரையில் அவிநாசித் தேர். கல்யாணமான வருடத்திலிருந்து தேருக்கு இந்த வண்டியில்தான் போகிறோம். இந்த வருடமும் சாரதா என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அதற்கு, ஒடியவே ஒடியாத ஆக்சில் ஒன்றைப் போட வேண்டும்.

பிப்ரவரி 22

ஆக்சில் பார்ப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான். ஜாதகம் பொருந்தினால் உயரம் பொருந்தாது.

ஆரோக்கியராஜும் நானும் கோயமுத்தூர் உக்கடம் போய் வந்தோம். பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது. பார்த்த வரன்கள்:

அதே அம்பாசடர் ஆக்சில். அப்படியே பூட்டலாம், ஒரு வேலையும் இல்லை. ஆனால் அதே வயசு, அதே வியாதி. ஒடிந்த இடத்திலேயே மறுபடி ஒடியும் என்று எனக்குள் ஒரு பட்சி சொல்கிறது. ஆரோக்கியராஜுக்குப் பட்சி நம்பிக்கை இல்லை. "ரோல் ஏத்தலன்னா இதுவே பத்து வருசம் வரும், அண்ணாச்சி" என்கிறார்.

காண்டெஸா கார் ஆக்சில். கொஞ்சம் நல்ல குடும்பம். கடைக்காரர் அதை ஒரு துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். உள்ளே பல்லெல்லாம் தேய்ந்து கிழப்பருவம். பவுடர் போட்டுப் பெண் காட்டுகிற கதை.

மூன்றாவது, சரக்கு ஏற்றுகிற பிக்கப் வண்டியின் ஆக்சில். அடேயப்பா. தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தேன், நான்தான் நிமிரவில்லை. ஒரு டன் தாங்கும் என்றார்கள். ஆனால் அகலம் அதிகம். இரண்டு பக்கமும் வெட்டிச் சிறிதாக்கி, உள்ளே இருக்கிற தண்டையும் வெட்டி, முனையில் மறுபடி பல் போட வேண்டும். லேத்து வேலை.

"ஒரு டன்னு தாங்குத ஆக்சிலு ஒங்களுக்கு எதுக்கு? மதினி ஒருத்திதானே உக்காரப் போறாவ?"

அவளுக்குத்தானய்யா. அவள் ஒருத்திக்குத்தான்.

மார்ச் 1

பிக்கப் ஆக்சிலையே முடித்தாயிற்று. சாரதாவிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள்.

மார்ச் 4

இன்று அளவெடுத்தோம். மண்ணரையில் இருக்கிற லேத்துக்காரர் டேனியல், பழைய ஆக்சிலின் அளவைக் கொண்டுவந்தால் புதியதை அதே அளவுக்கு வெட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆரோக்கியராஜ் டேப்பை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? கம்பெனி வைப்பதற்கு முன்னால் பதினாறு வருடம் கட்டிங் மாஸ்டர். நான் டேப் பிடித்த பிறகு இன்னொருத்தன் சரிபார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

சக்கரம் பூட்டுகிற இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை இழுத்து அளந்தேன். சாக்பீஸை எடுத்துப் புதிய ஆக்சிலின் முதுகிலேயே எழுதிக் கொடுத்தேன். "அப்பிடியே வெட்டச் சொல்லுங்க" என்றேன். கையெழுத்தைப் பார்த்து ஆரோக்கியராஜ், "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னார். கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

மார்ச் 11

கம்பெனியில் பாதி மெஷின் சும்மா கிடக்கிறது. ஆர்டர் வரும் வரும் என்கிறார்கள். வரும். நானும் எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கிறது.

சாரதா இப்போதெல்லாம் டிவி முன்னால் தலையணை மேல் உட்கார்ந்துகொள்கிறாள். வீடு முழுக்கத் தைல வாசனை. பேச்சு கம்மி. கோபம் இப்படியும் வாசனை அடிக்குமா?

மார்ச் 14

கண்டக்டர் பையன் சொன்னான். சீட்டு காலியாக இருந்தும் சாரதா அக்கா அவிநாசி வரைக்கும் நின்றுகொண்டே போனார்களாம். அவ்வளவு பயம். சக்கரம் வைத்த எதிலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை போலிருக்கிறது. பாவி, என்ன செய்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 20

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டுமா? எழுதாவிட்டாலும் ஊரே பேசப் போகிறது. நானே எழுதிவிடுகிறேன்.

ஆக்சில் லேத்திலிருந்து வந்தது. காலையிலிருந்து மதியம் வரை பூட்டினார்கள். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். பின்சக்கரம் இரண்டும் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. குடலிறக்க ஆபரேஷன் முடித்து வந்தவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் காலை அகட்டி நிற்பானே, அப்படி நின்றது வண்டி. மெதுவாகத் தள்ளிப் பார்த்தோம். டயர் மட்கார்டு விளிம்பில் உரசிக் கரகரவென்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனைப் போட்டு டேனியலைப் பிடித்துக் காய்ச்சினேன். "அளவு எழுதிக் குடுத்தா அதைப் பாத்து வெட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன். அவர் நிதானமாக, "நீங்க எழுதின அம்பத்தஞ்சே முக்காலுக்கு ஒரு நூல் கூடக் கொறையக் கெடையாதுங்க. வேணும்னா டேப்பு போட்டுப் பாருங்க" என்றார்.

ஆரோக்கியராஜ் புதியதை அளந்தார். ஐம்பத்தைந்தே முக்கால் இஞ்ச். மூலையில் கிடந்த பழையதை அளந்தார். ஐம்பத்து மூன்று.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மேலே தகரக் கூரையைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்றுக்கும் ஐம்பத்தைந்தே முக்காலுக்கும் என்ன உறவு என்பது இந்த ஊரில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் எந்த அளவானாலும் நூற்றுக்கு ஐந்து சேர்த்துத்தான் கட்டிங்குக்கு எழுதிக் கொடுப்போம். முப்பது வருடமாக என் கை இதை என்னைக் கேட்காமலே செய்கிறது. அன்றைக்கும் கேட்கவில்லை.

"சுருக்கம் சேர்த்துட்டேன்" என்றேன்.

"என்ன சேத்திய?"

"சுருக்கம். துணிக்குச் சேர்க்கிற சுருக்கம்."

ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "அண்ணாச்சி, இரும்பு எந்தத் தண்ணியில சுருங்கும்?" என்று நர்ஸ் மாதிரிக் கேட்டார்.

மார்ச் 21

ஊருக்குத் தெரிய ஒரு ராத்திரி போதும்.

டீக்கடையில்: "அண்ணா, ஆக்சிலை ஒரு வாஷ் போட்டுப் பாத்தீங்களா? சரியா வந்துரும்."

கம்பெனிக்குள் என் கட்டிங் மாஸ்டர் குருசாமி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு: "மொதலாளி, அடுத்த தடவ காம்பாக்டிங் மெஷின்ல விட்டு மொதல்லயே சுருக்கிட்டு அளவு எடுத்துருங்க."

சாயப்பட்டறைக்காரர் ஒருத்தர் போன் பண்ணினார். கலர் போகுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஊரைச் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். சிரிக்கட்டும். ஆனால் இந்தத் தடவை அசதியாக இருக்கிறது. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுசன் தன் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு டன் இரும்பைத் தேடி அலைகிறான். அதையும் அகலமாகத் தைக்கிறான்.

மார்ச் 22

ஒரே ஒரு ஆறுதல். நீளமாக வெட்டினால் குறைக்கலாம். குட்டையாக வெட்டினால் அழுதாலும் நீளாது. துணியானாலும் இரும்பானாலும். ஆக்சில் மறுபடி மண்ணரைக்குப் போயிருக்கிறது. டேனியலிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை அளவை ஆரோக்கியராஜ் எழுதினார். என் கையை டேப் பக்கமே விடவில்லை.

மார்ச் 28

சாரதா சிரித்தாள்.

அவிநாசியில் சகலைதான் சொல்லியிருக்கிறார், வெகு மரியாதையாக. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்து வரும்போதே அவள் தோள் குலுங்குவது மாடியிலிருந்து எனக்குத் தெரிந்தது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இரும்புக்குமுங்களா? ஏனுங்க, இரும்புக்குமா?" அப்புறம், "ஐயோ இடுப்பு" என்று உட்காரப் போனவள் உட்காராமல் நின்றுகொண்டே மறுபடியும் சிரித்தாள். நான் மெனக்கெட்டுச் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். அவமானத்தில் இவ்வளவு குளிர்ச்சி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 9

ஆக்சில் பூட்டியாயிற்று. சக்கரம் மட்கார்டுக்குள் அடக்கமாக இருக்கிறது. அடியில் தாங்குகிற பட்டையும் பிரேக்கும் பொருந்திவிட்டன. எல்லாம் சரி என்றால் கடவுளுக்கே பொறுக்காதே. சரக்கு வண்டி ஆக்சில் இழுக்கத்தான் செய்யும், ஓடாது. ஐம்பதைத் தாண்டினால் எஞ்சின் கிரைண்டர் மாதிரிக் கத்துகிறது.

"இதை நீங்க மொதல்லயே சொல்லலையே?" என்றேன்.

"சொல்ல விட்டியளா?" என்றார் ஆரோக்கியராஜ். பிறகு தானே இறங்கி வந்து, "இல்ல அண்ணாச்சி, நானும் நெனச்சுப் பாக்கல. அந்த ஆக்சில் மேல எனக்கும் ஒரு ஆச இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

போகட்டும். ஐம்பதுக்கு மேல் போய் நான் யாரை முந்தப் போகிறேன்? என் சக்கரத்தையா?

ஏப்ரல் 17

கம்பெனிக்கும் வீட்டுக்கும் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வேண்டுமென்றே இறக்குகிறேன். கல் மாதிரி நிற்கிறது. பக்கத்து சீட்டு காலி. பேச்சுத் துணைக்கு அந்த ரோஸ் துணிதான்.

ஏப்ரல் 27

சகலை போன் பண்ணினார். தேருக்கு எல்லோரும் அவர் வண்டியிலேயே போய்விடலாமாம். ஏசி உண்டாம். பக்கத்தில் நின்ற சாரதா போனை வாங்கினாள். "அப்பறம் சொல்றமுங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மே 7

நாளைக்குத் தேர். வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில், "வண்டி ரெடி" என்றேன். "ம்" என்றாள். ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான்.

மே 8

காலையில் நான் கீழே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாரதா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து இறங்கி வந்தாள். கக்கத்தில் ஒரு தலையணை.

சகலை வண்டியைக் காணோம். கதவைத் திறந்துவிட்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். "சாரதா, இது ஒரு டன் தாங்கும். இனி ஜென்மத்துக்கும் ஒடியாது. நீ பயப்படாம..."

அவள் காதில் வாங்கவில்லை. குனிந்து, சீட்டின் மேல் கிடந்த ரோஸ் துணியை எடுத்து உதறிப் பின்னால் போட்டாள். தலையணையை வைத்தாள். அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் மெல்ல உட்கார்ந்தாள்.

"தலையணை எதுக்கு?" என்றேன்.

எழுந்து, தலையணையைத் தூக்கிக் காட்டினாள். ரெக்சின் கிழிந்து, ஒரு ஸ்பிரிங்கின் முனை சுட்டுவிரல் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"போன ஆடியில இருந்து குத்துதுங்க. அன்னிக்கு வண்டி தொம்முன்னு எறங்கினப்ப நல்லா ஏறிருச்சு. எத்தன நாள் தைலம் போட்டேன். இப்பத்தான் கொஞ்சம் தேவல."

"அப்ப, சக்கரம் கழண்டு போச்சுன்னு நீ..."

"சக்கரம் யாருக்கும்தானுங்க கழலும்."

"ஏன் புள்ள, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆடியிலயே சொன்னனே. நீங்கதான் என்னமோ ஜோக்கு சொல்லீட்டு, மேல அந்தத் துணியை மடிச்சுப் போட்டீங்க. போலாங்களா? தேர் எடுத்துருவாங்க."

ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். அவிநாசி வரைக்கும் அவள்தான் பேசினாள்.

மே 11

ரெக்சின் கடையில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். எதிர்க்கடையில் நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.